எண்பதாவது நாள்

“கடுதாசி வந்திருச்சாத்தா?” என்று அப்பத்தா இன்று காலையும் கேட்டது. இன்னும் வரலை அப்பத்தா என்றேன். பெரிய வேலைக்கு ஆர்டர் தபாலில்தான் வரும், தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார் என்பது அதன் எண்ணம். தேர்வு முடிவு பிடிஎஃப்பாக வரும், அதில் வரிசையாக எண்ணும் பெயரும் இருக்கும், எல்லாரும் ஒரே நேரத்தில் பார்ப்போம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். எதில் வந்தால் என்ன, வரவில்லை என்பது ஒன்றுதானே.

ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, மதிய அமர்வு. சிவில் சர்வீஸ் இன்டர்வியூ முடித்துவிட்டு டெல்லி ஷாஜகான் சாலையில் யு.பி.எஸ்.சி. அலுவலகமான தோல்பூர் ஹவுஸ் வாசலில் வந்து நின்றேன். இன்று 2025 ஏப்ரல் 11. எண்பது நாள் ஆகிவிட்டது. இந்த எண்பது நாளில் என்னிடம் “என்னாச்சு?” என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்தான் இதை எழுதுகிறேன். அதோடு இன்னொரு காரணமும் உண்டு. முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸுக்கு எப்படிப் படிப்பது, முதன்மைத் தேர்வான மெயின்ஸில் பதில் எப்படி எழுதுவது, இன்டர்வியூவுக்கு என்ன நிறத்தில் சேலை கட்டுவது என்பது வரைக்கும் ஆயிரம் பேர் வீடியோ போட்டிருக்கிறார்கள். இன்டர்வியூ முடிந்த மறுநாளிலிருந்து எப்படி இருப்பது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் நான்காவது முறை எழுதி, முதல் முறையாக இன்டர்வியூ வரை போனவள். இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் நான் தயாராகவே இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஜூன் 16 பிரிலிம்ஸ், செப்டம்பரில் மெயின்ஸ், டிசம்பர் 9 அன்று மெயின்ஸ் முடிவு. அதில் தேறிய 2845 பேரை இந்த வருடம் ஜனவரி 7 முதல் ஏப்ரல் 17 வரை இன்டர்வியூவுக்கு அழைக்கிறார்கள். அந்தக் கடைசி ஆள் முடித்த பிறகுதான் எல்லாருக்கும் சேர்த்து முடிவு. ஏப்ரல் 16 அன்று உள்ளே போகிறவருக்குக் காத்திருப்பு சில நாள். ஜனவரியில் போனவளுக்கு மூன்று மாதம். யார் மேலும் தப்பு இல்லை, இத்தனை பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து அரை மணி நேரம் பேசினால் இவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும். ஆனால் அந்த மூன்று மாதத்தை ஒரு ஆள் எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. இன்டர்வியூவுக்கு மறுநாள் டெல்லியிலேயே மருத்துவப் பரிசோதனை. கண், எடை, எக்ஸ்ரே, ரத்தம் என்று வரிசையில் நின்று எல்லாம் முடித்து வெளியே வந்தபோது வேலையே கிடைத்துவிட்டது போல ஒரு நினைப்பு வந்தது. இன்டர்வியூவுக்கு வந்த எல்லாருக்கும் அதே பரிசோதனைதான் என்று தெரியும். ஆனாலும் உடம்பைச் சோதித்து அனுப்புகிறார்கள் என்றால் எதற்கோ எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று மனசு தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் திரும்பி வரும்போது முதல் இரவு நன்றாகத் தூங்கினேன். இரண்டாவது இரவு, விஜயவாடா தாண்டியதும், முழிப்பு வந்தது. 1984 என்று சொன்னோமே, அது சரியா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் எண்பது நாளில் பாதி இந்த ஒரு எண்ணிலேயே போயிருக்கிறது.

என் ஊர் ராமநாதபுரம் மாவட்டம், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். படிவத்தில் சொந்த மாவட்டம் என்று போட்டிருப்பதால் கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும் என்று ஒத்திகைக்காக நடத்தும் மாக் இன்டர்வியூவிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படித்தான் தொடங்கியது. பழைய ராமநாதபுரம் மாவட்டம் எப்போது பிரிந்தது என்று ஒரு உறுப்பினர் கேட்டார். 1984 என்றேன். தயங்காமல் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த அம்மையார் தாளில் ஏதோ குறித்தார். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

ரயிலில் செல்போனில் பார்த்தால் எல்லா இடத்திலும் 1985 மார்ச் 15 என்று இருக்கிறது. சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாக இயங்கத் தொடங்கிய நாள் அது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சொந்த மாவட்டம், அதுகூடத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்களே. திரும்பி வந்து நான்கு நாள் கழித்து இன்னொரு குறிப்பு கண்ணில் பட்டது. பிரிப்பதற்கான அரசாணை 1984 ஜூலையிலேயே வந்துவிட்டது, நடைமுறைக்கு வந்ததுதான் 1985. அப்படியானால் நான் சொன்னது தப்பா, பாதி சரியா? அந்த அம்மையார் குறித்தது என் தப்பையா, அல்லது அடுத்துக் கேட்க வேண்டியதையா? அவருக்கு அரசாணைத் தேதி தெரிந்திருக்குமா? சாப்பிடும்போது, துணி துவைக்கும்போது, பஸ்ஸில் போகும்போது என்று எத்தனை முறை அந்த மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. “1984-ல் அரசாணை, 1985-ல் நடைமுறை சார்” என்று அழகாக, நிதானமாக, நூறு முறை பதில் சொல்லிவிட்டேன். கேட்கத்தான் எதிரே யாரும் இல்லை.

இன்னொரு இடமும் உண்டு. அது கொஞ்சம் இனிப்பான இடம். நான் மெயின்ஸைத் தமிழில் எழுதினேன், இன்டர்வியூவும் தமிழில்தான். அதனால் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைவர் கேட்டார், வறண்ட மாவட்டம் என்கிறீர்கள், அங்கே ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் மாதிரி இவ்வளவு பெரிய நீர்நிலை எப்படி என்று. வறண்ட ஊர் என்பதால்தான் சார் கண்மாய் என்றேன். வடகிழக்குப் பருவமழை சில வாரம் பெய்யும், அதைத் தேக்கினால்தான் வருடம் முழுக்கப் பிழைப்பு, அதனால் எங்கள் முன்னோர் வெட்டி வைத்தார்கள், ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று எங்கள் கண்மாயைச் சொல்வோம் என்றேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி நிறுத்தினார். என் காதில் அந்த ஒரு நொடி இன்னும் இருக்கிறது. பிறகு, ஒரு நாரைகூட நில்லாமல் ஒரே மூச்சில் கடந்துபோக முடியாத அளவுக்குப் பெரிய ஏரி, அதற்கு நாற்பத்தெட்டு மதகுகள் என்று பொறுமையாக இரண்டு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். தலைவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் நான் எண்பது நாளாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். சொலவடை பிடித்துச் சிரித்தாரா? சின்னப் பெண் ஊர்ப் பெருமை பேசுகிறது என்று சிரித்தாரா? அல்லது நேரம் முடிந்தது என்று மரியாதைக்குச் சிரித்தாரா? நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் முதலாவது. தூக்கம் வராத இரவில் மூன்றாவது.

இதற்கெல்லாம் ஒரு கணக்கு பதில் சொல்கிறது, அதை நான் பிப்ரவரியில்தான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முன்பே போட்டிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன். மெயின்ஸ் எழுத்துத் தேர்வு 1750 மதிப்பெண், இன்டர்வியூ 275, மொத்தம் 2025. பிரிலிம்ஸ் மதிப்பெண் இதில் சேராது. 2023-ஆம் ஆண்டுத் தேர்வில் பொதுப் பிரிவுக்கு மெயின்ஸ் கட்-ஆஃப், அதாவது தேறுவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண், 741, இறுதி கட்-ஆஃப் 953. அதாவது மெயின்ஸில் சரியாக ஓரத்தில் தேறி உள்ளே வந்த ஒருவர், இறுதிப் பட்டியலிலும் ஓரத்தில் நிற்க வேண்டுமானால் இன்டர்வியூவில் 212 வாங்க வேண்டும். அந்த வருடம் நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர் இன்டர்வியூவில் வாங்கியது 200. அவர் எழுத்துத் தேர்வில் 899 வாங்கியிருந்தார், அதனால்தான் முதலிடம்.

இதைப் புரிந்துகொண்டதும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் கலக்கம். நிம்மதி எதற்கென்றால், 1984-ஆ 1985-ஆ என்பது என் விதியைத் தீர்மானிக்கப் போவதில்லை. பெரும்பாலும் அது செப்டம்பரில் எழுதிய தாள்களிலேயே தீர்ந்துவிட்டது. கலக்கம் எதற்கென்றால், அந்த மதிப்பெண் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. டிசம்பரில் தேறிவிட்டாய் என்றுதான் சொன்னார்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. அது இறுதி முடிவுக்குப் பிறகுதான் வெளியே வரும். நான் 742-இல் தேறியவளா, 800-இல் தேறியவளா? முதலாவது என்றால் தலைவர் விழுந்து விழுந்து சிரித்திருந்தாலும் பத்தாது. இரண்டாவது என்றால் சுமாராகப் பேசியிருந்தாலும் போதும். ஆகவே “இன்டர்வியூ எப்படிப் பண்ணின?” என்று கேட்பவர்களே, தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. நன்றாகப் பண்ணினேன் என்பது உண்மை. அதை வைத்துக் கிடைக்குமா என்று சொல்ல முடியாது என்பதும் உண்மை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். 2023 தேர்வில் 2855 பேர் இன்டர்வியூ வரை போனார்கள், 1016 பேர் தேர்வானார்கள். மூவரில் ஒருவருக்குக் கொஞ்சம் மேலே. தோல்பூர் ஹவுஸில் காத்திருந்த கூடத்தில் எங்கள் மேசையில் ஆறு பேர் இருந்தோம். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள், அதனால் வேறு வழியில்லாமல் ஒருவரோடு ஒருவர் பேசினோம். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண் எனக்குச் சேலை மடிப்பில் பின் குத்திவிட்டாள். பயணப்படிப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். சராசரிக் கணக்குப்படி எங்கள் மேசையில் இரண்டு பேருக்குக் கிடைக்கும். நான்கு பேர் மறுபடியும் பிரிலிம்ஸிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்ததற்கு அடுத்த வருடம் ஒரு மதிப்பெண் சலுகைகூடக் கிடையாது, எல்லாம் முதலிலிருந்து. அந்தப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். நினைத்த உடனே, அப்படியானால் மீதி இருப்பது ஒரு இடம்தானே என்றும் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தோன்றுகிறது.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடப் பிரிலிம்ஸ் மே 25. இன்றிலிருந்து 44 நாள். அதற்கான விண்ணப்பத்தை முடிவு தெரியாமலேயே பிப்ரவரியில் போட்டாயிற்று, போட்டே ஆக வேண்டும், கடைசித் தேதி தள்ளித் தள்ளி 21 வரை வந்தபோதுகூட நான் கடைசி நாள் இரவுதான் போட்டேன். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆகவே காசு பிரச்சினை இல்லை. அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை. ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்று நானே கைப்பட எழுதிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

இன்டர்வியூ முடித்தவர்களின் நிஜமான சங்கடம் இதுதான், வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. பயம்கூடப் பெரிய விஷயமில்லை. ஒரே நேரத்தில் இரண்டு ஆளாக இருக்க வேண்டியிருக்கிறது. ஒருத்தி தேர்வாகிவிட்டாள், எந்த சர்வீஸ், எந்த மாநிலம் என்று டிசம்பரில் நிரப்பிக் கொடுத்த விருப்பப் பட்டியலை மனதில் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி தோற்றுவிட்டாள், ஐந்தாவது முறையாக அரசியலமைப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கிறாள். இரண்டில் யார் நான் என்று சொல்லப்போகிற என் மதிப்பெண் ஏற்கெனவே எங்கோ ஒரு தாளில் இருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியாது. முதலாமவள் போல இருந்து முடிவு மாறி வந்தால், பிரிலிம்ஸுக்கு ஒரு மாதத்துக்குமேல் கையில் இருக்காது, பிரிலிம்ஸும் போய்விடும். இன்டர்வியூ வரை போனவர்கள் அடுத்த பிரிலிம்ஸிலேயே விழுவது அபூர்வமே இல்லை, எனக்குத் தெரிந்து விடுதியிலேயே இரண்டு அக்காக்கள் இருந்தார்கள். இரண்டாமவள் போல இருந்தால் ஒவ்வொரு நாளும் தோற்றவளாக எழுந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி முழுக்க என்னால் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. சென்னை விடுதி அறையில் மேசைமேல் அது இருந்தது, போன வருடம் பச்சைப் பேனாவில் கோடு போட்டு, ஓரத்தில் கேள்வி எண் குறித்து வைத்த அதே புத்தகம், அட்டை கிழிந்து பிரவுன் டேப் ஒட்டியது. அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துப் பழகியிருந்தேன். ஒரு நாள் அறைத்தோழி, இந்த வருடம்தான் முதல் முறை எழுதப் போகிறவள், “அக்கா, பண மசோதாவுக்கும் நிதி மசோதாவுக்கும் என்ன வித்தியாசம், எத்தனை தடவை படிச்சாலும் குழம்புது” என்றாள். பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு 110-ஆம் பிரிவைத் திறந்து அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். சபாநாயகர் சான்று தருவது, மாநிலங்களவை பதினான்கு நாளில் திருப்பி அனுப்ப வேண்டியது எல்லாம் சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஒன்றரை மணி நேரம் நான் தேர்வானவளாகவும் இல்லை, தோற்றவளாகவும் இல்லை. 110-ஆம் பிரிவு தெரிந்த ஒருத்தியாக இருந்தேன். அன்று ராத்திரி தூங்கினேன்.

அதிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். எனக்காகப் படிக்க உட்கார்ந்தால் இன்னும் முடியவில்லை. யாருக்காவது சொல்லிக்கொடுக்க என்றால் முடிகிறது. மார்ச் நடுவில் ஊருக்கு வந்துவிட்டேன், இங்கே தெருவில் இரண்டு பிள்ளைகள் ஜூலையில் வரப்போகிற குரூப் 4-க்குப் படிக்கிறார்கள், சாயங்காலம் அவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அவர்களுக்கு வேண்டிய பாடத்தில் பாதி எனக்கும் வேண்டியது. மீதிப் பாதியையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன், அவர்கள் பாவம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஊருக்கு வந்ததில் இன்னொரு பக்கமும் உண்டு. சென்னையில் என்னை யாருக்கும் தெரியாது, இங்கே எல்லாருக்கும் தெரியும். ‘கண்டிப்பா கிடைச்சிரும்’ என்று சொல்கிறவர்கள் அன்பால் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் ‘கண்டிப்பா’வைக் கேட்கும்போதெல்லாம், கிடைக்காவிட்டால் இவர்களையும் நான் ஏமாற்றியதாக ஆகிவிடுமே என்று தொண்டை அடைக்கிறது. தொண்டியிலிருந்து அத்தை வந்திருந்தார். கருவாட்டுப் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வீட்டுப் பசு கன்று போட்ட கதையை ஒரு மணி நேரம் சொன்னார். கன்று தலை திரும்பி மாட்டிக்கொண்டது, டாக்டர் வர ராத்திரி ஒரு மணி ஆனது, அத்தையே கையை விட்டுத் திருப்பியது எல்லாம். இன்டர்வியூ பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும்போது தலையைத் தடவிவிட்டு “எளச்சுப் போயிருக்க, சாப்பிடு” என்றார். காத்திருக்கும் ஒருவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டால் நான் அத்தையைத்தான் காட்டுவேன்.

இன்னொரு வகையும் உண்டு. போன மாதம் ஒரு இடம் வந்தது. ஜாதகம் வாங்கிப் போனார்கள், பொருந்தியிருக்கிறது என்றார்கள். அப்புறம் தரகர் வந்து, “ரிசல்ட் வரட்டும்ங்கிறாங்க, அப்புறம் பேசிக்கலாமாம்” என்றார். எனக்குத் திருமணத்தில் இப்போது எண்ணமே இல்லை, அது வேறு விஷயம். ஆனால் கிடைத்தால் எனக்கு ஒரு விலை, கிடைக்காவிட்டால் ஒரு விலை என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே ஒருவர் சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது. அம்மாவிடம் அன்று சத்தம் போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

டெலிகிராம் குழுக்களைப் பற்றி ஒரே வார்த்தை: வெளியே வந்துவிடுங்கள். மார்ச் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் ‘ரிசல்ட் வந்தாச்சு’ என்று ஒரு பிடிஎஃப் சுற்றியது. இன்னும் இன்டர்வியூவே முடியவில்லை, எப்படி வரும் என்று அறிவு சொல்கிறது, விரல் கேட்கவில்லை. திறந்து என் எண்ணைத் தேடினேன். இல்லை. கை சில்லிட்டுப் போய், சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தபோதுதான் தெரிந்தது, போன வருடப் பட்டியலில் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். யாரோ விளையாட்டுக்குச் செய்திருக்கலாம். அதைச் செய்தவருக்கு அந்தப் பத்து நிமிடம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

அன்று ராத்திரிதான் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த அட்டையைக் காட்டினார். இருபத்தெட்டு வயதில் முதல் முறையாகப் பார்க்கிறேன். அப்பா பத்தாவது முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர். மூன்று வருடத்துக்கு ஒரு முறை போய்ப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் பிறப்பதற்கு முன்பு, ஒரு அலுவலகத்தில் உதவியாளர் பணிக்கு ஒரு இன்டர்வியூ கார்டு வந்திருக்கிறது. சித்தப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு போனாராம். நான்கு நிமிடம் கேட்டார்களாம். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு “தகவல் வரும்” என்றார்களாம்.

தகவல் வரவே இல்லை. ஆறு மாதம் கழித்து நேரில் போய்க் கேட்டிருக்கிறார். வரும் என்று சொன்னோமே என்றிருக்கிறார்கள். இரண்டு வருடம் தபால்காரர் வரும் நேரத்துக்கு வயலிலிருந்து வீட்டுக்கு வந்துபோயிருக்கிறார். அப்புறம் நான் பிறந்தேன், அப்புறம் அந்த நேரத்தில் வருவது நின்றுவிட்டது. கார்டு மட்டும் இருக்கிறது, பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, ஆனால் தட்டச்சு எழுத்தில் அவர் பெயர் தெளிவாகத் தெரிகிறது. நான் கவனித்தது இதுதான். அப்பா இத்தனை வருடத்தில் ஒரு நாளும் ‘அந்த வேலை கிடைக்கலை’ என்று சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. “தகவல் வரலை” என்றுதான் சொன்னார். இல்லை என்று யாராவது ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் அவர் அன்றைக்கே அழுதுவிட்டு மறுநாள் வேறு வேலையைப் பார்த்திருப்பார். அந்த ஒரு வரிக்கு அவருக்கு உரிமை இருந்தது, அதை யாரும் தரவில்லை.

எனக்கு அது கிடைக்கும். பெயர் இருந்தால் எத்தனையாவது என்று தெரியும். இல்லாவிட்டால் சில நாளில் தாள் வாரியாகவும் இன்டர்வியூவிலும் எவ்வளவு என்று என் மதிப்பெண் எனக்கு வந்துவிடும். எந்தத் தாளில் விழுந்தேன் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அத்தனை நாளாக நான் புலம்பிக்கொண்டிருந்ததை நினைத்து அந்தப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காத்திருப்பு எனக்கு லேசாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஆகவில்லை. அப்பாவின் காத்திருப்பு என்ன என்று தெரிந்தது.

போன ஞாயிறு, 6-ஆம் தேதி, பாம்பன் புதுப் பாலம் திறந்தார்கள். தெருவில் பாதிப் பேர் வேன் பிடித்துப் பார்க்கப் போனார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்: இந்தியாவின் முதல் செங்குத்துத் தூக்குக் கடல் பாலம், தூக்குப் பகுதி 72.5 மீட்டர், 17 மீட்டர் உயரம் வரை எழும்பும், பழைய பாலம் 1914. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பழைய பாலத்தில் ரயில் போவதைப் பார்த்தவள் நான். எழுதி முடித்ததும், இது இன்டர்வியூவுக்குத் தேவைப்பட்ட குறிப்பு, ஜனவரியில் கேட்டிருந்தால் பேசியிருப்பேன் என்று தோன்றியது. அடுத்த வரியில் பிரிலிம்ஸ் என்று எழுதிக் கோடு போட்டேன். பச்சைப் பேனா தீர்ந்துவிட்டது, நீலத்தில்தான் போட்டேன்.

இப்போது முண்டு மிளகாய்ப் பறிப்புக் காலம். களத்தில் காயப்போட்டிருக்கிறோம், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கண் எரிகிறது, இதை எழுதும்போதும் எரிகிறது. சாயங்காலம் நானும் அப்பாவும் மிளகாயைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தோம். குனிந்தபடியே கேட்டார்.

“பதினேழோட முடியுதுல்ல?”

“ஆமாப்பா. அதுக்கப்புறம் நாலஞ்சு நாள், ஒரு வாரம்.”

“சரி” என்றார். தார்ப்பாயின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இரண்டு பேரும் இழுத்து மூடி, நான்கு பக்கமும் கல் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு வைத்திருக்கிறேன், எனக்கும் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும், அவரவர் தாள் அவரவருக்கு. காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை, நிஜப் பிரிலிம்ஸ் நேரம் போலவே. அந்த இரண்டு மணி நேரம் அப்பத்தா கடுதாசி பற்றிக் கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.